ஆர்.கே.பேட்டை வண்டி வரும் முன் ஊதிய விசில்

எங்கள் மாவட்டத்து உடற்கல்வி இயக்குநர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களும் அதில் உண்டு. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் மூட்டுவலிக்கு முருங்கைக்கீரை, சாயங்காலம் யாராவது ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி. சென்ற மாதம் அதில் தப்பித் தவறி உருப்படியான ஒரு கேள்வி வந்துவிட்டது. இன்னும் வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் போட்டு, "இது இன்னா கூத்து சார், யாராச்சும் புரியிற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பெரிய வியாபாரம். பக்கத்துப் பக்கத்து மாநிலக் கல்லூரிகள் குழு குழுவாகச் சேர்ந்து, தமக்குள் ஆடிக்கொண்டு, பல காலம் பங்காளிச் சண்டை போட்டபடி சுகமாக இருந்தன. பிறகு டி.வி. பணம் வந்தது. எந்தக் குழுவுக்கு டி.வி.க்காரன் அதிகம் கொடுக்கிறானோ அந்தக் குழுவுக்குப் பெரிய கல்லூரிகள் தாவ ஆரம்பித்தன. மேற்குக் கடற்கரைக் கல்லூரி கிழக்குக் கடற்கரைக் கல்லூரியோடு ஒரே குழுவில். ஒரு மேட்சுக்காக மாணவர்கள் கண்டத்தையே குறுக்கே பறந்து கடக்கிறார்கள். பழைய குழு ஒன்றில் எல்லாரும் ஓடிப்போய் இரண்டே கல்லூரிகள் மிச்சமாம்.

"பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பேர் வைத்தவன் எதையும் செய்வான்" என்று ஒருவர் எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. நான் ஒன்றும் போடவில்லை. ஏனென்றால் அமெரிக்காக்காரன் விமானம் வைத்துச் செய்த காரியத்தை நான் ஒரு விசிலை வைத்து எப்போதோ செய்து முடித்தவன். கேட்ட இளைஞருக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் ஆசீர்வாதம். அப்பா பிறர் வயலில் நாற்று நட்டவர். அண்ணன்கள் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் இரும்புக் கம்பி இழுத்தவர்கள். நான் ஒருவன்தான் எம்.பி.எட்., எம்.ஃபில். என்று படித்து, படித்ததையெல்லாம் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவதற்குப் பயன்படுத்தினேன். உடற்கல்விக் கல்லூரியில் என் பக்கத்துக் கட்டில் முனிரத்தினம். ஆர்.கே.பேட்டைப் பக்கம், தறிக்கார வீட்டுப் பிள்ளை. அவன் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பான். நான் அதில் ஓட்டை எங்கே என்று பார்ப்பேன். எங்கள் இருவரின் வாழ்க்கைச் சுருக்கமும் இவ்வளவுதான்.

எனக்கு வேலை கிடைத்தது திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். பெயர் வேண்டாம். முனிரத்தினம் அவன் ஊர்ப் பக்கமே ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் சேர்ந்தான். எங்களைப்போன்ற ஏழு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கால்பந்து லீக் நடத்தினோம். ஏழு காலேஜ் லீக் என்பதே அதன் பெயர். அதற்குமேல் யோசிக்க எங்களுக்கு நேரமில்லை. நான் செயலாளர்.

அந்த லீக்கின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உடைத்தது அதைத்தான். வசூலும் நன்கொடையும் ஒரே பொதுப் பையில் விழும். பையிலிருந்து முதலில் எடுப்பது ரொம்ப தூரத்திலிருந்து வருகிற அணியின் வண்டிச் செலவு. அதற்குப் பிறகுதான் பந்து, கோப்பை, நடுவர் படி எல்லாம். அந்தத் தூரத்து அணி எப்போதும் ஆர்.கே.பேட்டை. அதே கணக்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆர்.கே.பேட்டை வண்டி வந்து, பையன்கள் இறங்கி, எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, கால் உதறி முடித்த பிறகே விசில். ஆட்டத்துக்கும் அதே, கூட்டத்துக்கும் அதே. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் மீறியவனும் இல்லை.

ஒரு தடவை ஒரு எம்.எல்.ஏ. தலைமை விருந்தினராக வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. அவருடைய ஆள் வந்து, "யோவ் மாஸ்டர், அண்ணன் காஞ்சிக்கினு கீறாரு, ஊதுய்யா" என்றான். "ஆர்.கே.பேட்டை வரட்டும்" என்றேன். "ஆர்.கே.பேட்டை இன்னா உன் மாமியார் ஊடா?" என்றான். அண்ணன் எழுந்து போய்விட்டார். அவருக்காக வைத்திருந்த சால்வையைக் கடைசியில் வண்டி ஓட்டிவந்த டிரைவருக்குப் போர்த்தினோம். அந்தக் காலத்தில் நானும் ஒரு மனிதனாகத்தான் இருந்தேன். சாட்சி உண்டு.

பைக்குப் பெரிய நன்கொடை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லிலிருந்து வந்தது. அதன் பர்சனல் மேனேஜர் ரங்கநாதன், திருவள்ளூர்க்காரர். தகப்பனாரும் தமையனாரும் கோயில் கைங்கரியத்தில். இவர் மட்டும் நெற்றியில் நாமத்தோடு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மில்லுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. அதற்கு ஒவ்வொரு வருடமும் எங்கள் லீக்கில் பார்த்து, படிப்பு முடிக்கிற பையன்களில் ஒன்றிரண்டு பேரை எடுப்பார். சும்மா எடுப்பதில்லை, நிரந்தர வேலை. பி.எஃப்., போனஸ், கேன்டீன், பெண் கொடுப்பதற்கு நாலு வீடு. ஆர்.கே.பேட்டைப் பையன்கள் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு வந்தது கோப்பைக்காக அல்ல. அந்த மடக்கு நாற்காலிக்காக.

ஒரு வருடம் அரையிறுதியில் ரங்கநாதன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஓய் ஆசீர்வாதம், அந்த இடது கால் பையன் யாரு? பந்து அவன் கால்ல ஒட்டிண்டே போறதே!"

"வேலு சார். ஆர்.கே.பேட்டை. ராத்திரி தறி ஓட்றான், பகல்ல காலேஜு."

"படிப்பு முடிஞ்சாச்சா?"

"இன்னும் ஒரு வருஷம் சார்."

"அப்ப அடுத்த சீசன் பார்க்கலாம். நாலு மேட்ச் இப்படி ஆடினாப் போறும், கையோட ஆர்டர் போட்டுடறேன். முனிரத்தினத்துண்ட சொல்லிடும்."

சொன்னேன். முனிரத்தினம் அன்று வண்டியேறும்போது பையனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். பையன் தடுமாறி படிக்கட்டில் மோதிக்கொண்டான். வண்டி முழுக்கச் சிரிப்பு.

அந்த அடுத்த சீசன் வரவே இல்லை.

இனி எங்கள் தாளாளரைப் பற்றி. பழைய இரும்பு வியாபாரம் செய்து மேலே வந்தவர். ஆந்திர எல்லைக்காரர். எல்லாரையும் நைனா என்பார். அதனால் நாங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை நைனா என்போம். எதையும் எடை போட்டே பழகியவர், மாணவர் சேர்க்கையையும் டன் கணக்கில் பார்ப்பவரைப்போலத்தான் பார்ப்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேச்சு போதும் என்று அவருக்குத் தோன்றினால் எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். ஒன்றும் சொல்லமாட்டார். கும்மிடிப்பூண்டி மே மாதத்தில் மின்விசிறி நின்ற அறையில் எந்தக் கொள்கையும் அதிக நேரம் தாங்காது. பேராசிரியர்கள் சம்பள உயர்வுக் கோரிக்கையோடு உள்ளே போய், வியர்வையோடு நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது பொறியியல் கல்லூரிகளில் இடம் காலியாகக் கிடக்க ஆரம்பித்த காலம். ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே சென்னையிலிருந்து வந்த ஒரு டி.வி. ஆள் இருந்தான். வாசனை அடித்தான்.

"இன்னா நைனா ஆசீர்வாதம், பால் ஆட்றீங்க. சரி. கோல் போட்றீங்க. அதுவும் சரி. யாரு பாக்குறா?"

"மில் ஆளுங்க, ஊர் ஜனங்க, நெறைய பேர் வராங்க சார்."

"அவங்க ஊட்ல இஞ்சினீரிங் சேர்ற புள்ளிங்க கீதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப அவங்க பாத்து இன்னா பிரயோசனம்? டப்பு கட்றவன் பாக்கணும் நைனா."

டி.வி. ஆள் விளக்கினான். சென்னையின் பேர் பெற்ற கல்லூரிகளோடு ஒரு சூப்பர் லீக். நேரலை. புல்தரையும் பார்வையாளர் படிக்கட்டும் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும் இடம். எங்கள் ஏழில் மூன்றுதான் தேறும். எங்களது ஒன்று, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரண்டு. ஒவ்வொரு கல்லூரியும் தயாரிப்புச் செலவில் பங்கு போட வேண்டும். கூடவே உள்ளூர் விளம்பரதாரர் ஒருவரைக் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம். கேட்ட இளைஞர் குறித்துக்கொள்ளலாம். அங்கே டி.வி. கல்லூரிக்குப் பணம் கொடுக்கிறது, அதற்காகக் கல்லூரி சோரம் போகிறது. இங்கே கல்லூரி டி.வி.க்குப் பணம் கொடுத்துச் சோரம் போனது. இந்தச் சின்ன விஷயம் அந்த அறையில் இருந்த யாருக்கும் உறைக்கவில்லை. எம்.ஃபில். படித்த எனக்கும்தான்.

விளம்பரதாரர் என்றால் எங்கள் பக்கம் அந்த மில்தான். ஆனால் மில் நிர்வாகம் ஏழு காலேஜ் லீக் நடக்கும்வரை அதற்கே கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் விலகிப் போனால் பணம் மிச்சமுள்ள நால்வரிடம் தங்கிவிடும். இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஓட்டையைக் காட்டுகிறவன்தான் அதை அடைக்கவும் வேண்டியிருக்கும்.

தாளாளர் யோசித்தார். "லீக்க உட்டு வெளிய வரக்கூடாது நைனா. லீக்கே இல்லாம பண்ணணும்." எழுந்து போய் மின்விசிறியை அணைத்தார்.

குடும்ப பாரம், வேலை போய்விடும் என்ற பயம் என்றெல்லாம் இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எந்தப் பயமும் இல்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. டி.வி.யில் பேட்டி கொடுக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். சூப்பர் லீக்கின் வட்டார இயக்குநர் என்று எனக்கு ஒரு பதவி வரும் என்றான் அந்த வாசனைக்காரன். அதற்கு ஒரு நீலக் கோட்டு உண்டு என்றான். நான் அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

லீக்கைக் கலைக்கப் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். ஏழு பேரும் வந்தால் மூன்றுக்கு நான்கு, தோற்றுவிடுவோம். ஆறு பேர் என்றால் மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் செயலாளருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. முனிரத்தினம் மனப்பாடம் செய்த விதிகளில் நான் கண்டுபிடித்த கடைசி ஓட்டை இது.

சீசனுக்கு முந்திய கூட்டம் எங்கள் கல்லூரியில், ஒரு சனிக்கிழமை. வழக்கம்போலக் கூட்டம் முடிந்ததும் ஒரு நட்புப் போட்டி. எங்கள் பையன்களும் ஆர்.கே.பேட்டையும். நான் திட்டம் எதுவும் போட்டு வைத்திருக்கவில்லை. முனிரத்தினத்தைத் தனியாகப் பிடித்து எதையாவது சொல்லி மயக்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது போன் வந்தது.

"ஆசீரு, லேட்டாவும்டா. ஒரு பையன் தறியில மாட்டிக்கினான், மாத்தி உட ஆள் வரல. அவன ஏத்திக்கினு இப்பதான் திருத்தணிகிட்ட வந்துகினு கீறோம். எல்லாம் காத்துக்கினு கீறாங்களா? திட்றாங்களா?"

"திட்டினா திட்டட்டும். நிதானமா வா. நீ வராம எவன்டா விசில் ஊதுவான்?" என்றேன்.

போனை வைத்துவிட்டு உள்ளே போய், "ஆரம்பிக்கலாம்" என்றேன். பெரியவர் ஒருவர், இன்னொரு சின்னக் கல்லூரியின் மாஸ்டர், "ஆர்.கே.பேட்டை வர்லியே?" என்றார். "வரும்போது வரட்டும் சார், ஆள் பலம் போதும், விதியில எடம் இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூட்டத்தைத் தொடங்கவும் விசில் ஊதுவது எங்கள் வேடிக்கை வழக்கம். ஊதினேன். மூன்றுக்கு மூன்று. பிறகு என் இரண்டாவது ஓட்டு. டீ வந்தது. குடித்தோம். எதிர்த்து ஓட்டுப் போட்ட மூவரும் குடிக்கவில்லை.

முனிரத்தினம் வந்தபோது கையில் ஒரு கோணிப்பை. வேகவைத்த வேர்க்கடலை, எல்லாருக்கும். வாசலிலேயே கும்பிட்டுக்கொண்டு வந்தான். "மன்னிச்சிக்கங்க சார், மன்னிச்சிக்கங்க. பசங்கள இட்டாறதுக்குள்ள பேஜாராயிடுச்சி. உங்கள எல்லாம் காக்க வெச்சிட்டேன்." அவன் கண் மேசைமேல் இருந்த டம்ளர்களில் நின்றது.

"இன்னாடா, டீயே குடிச்சிட்டீங்களா?"

நான்தான் சொன்னேன். பெரும்பான்மை, காலத்தின் கட்டாயம், வளர்ச்சி என்று எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே கோணிப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சரி," என்றான். "பசங்க எறங்கி நிக்கிறாங்க. மேட்ச்சு உண்டா, அதுவும் இல்லியா?"

மேட்ச் நடந்தது. வேலு அன்று ஆடிய ஆட்டத்தை நான் எழுத முயன்றால் பொய் கலந்துவிடும். மூன்று கோல். ஒன்றை எங்கள் பையன்களே நின்று கைதட்டினார்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நாற்காலி இல்லை. நட்புப் போட்டிக்கு ரங்கநாதன் வருவதில்லை.

சூப்பர் லீக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே மானம் போகும். சென்னைக் கல்லூரிகள் எங்களை வைத்து வெளுத்தன. நேரலையில் அதிகம் தெரிந்தது பந்து எடுக்க வலைக்குள் குனிகிற எங்கள் கோல்கீப்பரின் முதுகு. எங்கள் ஆட்டங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பால்காரர்களும் வயிறு சரியில்லாதவர்களும் மட்டுமே டி.வி. பார்ப்பார்கள். என் பேட்டி வந்தது. நீலக் கோட்டில் நான், அக்னி நட்சத்திரத்தில், கொடியில் மாட்டிய ஈரத்துணிபோல வழிந்துகொண்டு, "கால்பந்தின் எதிர்காலம்" என்று தொடங்கினேன். எதிர்காலம் என்ன என்று சொல்வதற்குள் டி.எம்.டி. கம்பி விளம்பரம் போட்டுவிட்டார்கள். என் மனைவி, "கோட்டு நல்லா இருந்தது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு சீசன். பிறகு அந்த வாசனைக்காரன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். சென்னைக் கல்லூரிகள் எங்கள் மூவரையும் தரம் போதாது என்று கழற்றிவிட்டன. ஓட்டெடுப்பு நடத்தினார்களாம். எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குறை சொல்லும் நிலையில் நான் இல்லை. "பேஜாரு புட்ச்ச ஆட்டம் நைனா" என்று தாளாளர் புல்தரையைக் கல்யாண வரவேற்புகளுக்கு வாடகைக்கு விட்டார். பந்தல்காரன் பெனால்டி புள்ளியில் கம்பு நடாமல் பார்த்துக்கொள்வதே என் கடைசி வருடங்களின் வேலை.

திரும்பிப் போய் ஏழு காலேஜ் லீக்கை உயிர்ப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றேன். பை இல்லை. பை இல்லாவிட்டால் தூரத்து வண்டி வராது. தூரத்து வண்டி வராவிட்டால் அது லீக் இல்லை, நாலு தெரு ஆட்டம். முனிரத்தினத்தின் கல்லூரி, ஆட லீக்கே இல்லையென்றால் மாஸ்டர் எதற்கு என்று அவனை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அவன் ஒரு வாரம் புத்தகம் அடுக்கிவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியின் சேலைக் கடையில் உட்கார்ந்துவிட்டான். நான் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை.

ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் குடியேறிய பிறகு ஒருநாள் மின்சார ரயிலில் ரங்கநாதனைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். நாமம் மட்டும் பணியில் இருந்தது. மில் அணி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது எப்பவோ போச்சு ஓய். தொழிலாளர் நலன்னு ஒரே ஒரு தொகை உண்டு எனக்கு. அதுலதான் உம்ம லீக்குக்கும் கொடுப்பேன், பசங்களையும் எடுத்து அணி நடத்துவேன். உம்ம சூப்பர் லீக்குக்குப் போர்டு வைக்க, பனியன்ல பேர் போடன்னு மொத்தத்தையும் மேலிடம் அங்க கொட்டச் சொல்லிடுத்து. ஒரே அண்டா. நீர் அடியோட மொண்டுண்டா நான் எதை மொள்றது?"

எங்கள் பையன்கள் மார்பில் அச்சடித்துக்கொண்டு ஓடிய மில்லின் பெயர், வேறு பையன்களின் வேலை. அன்றுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது.

"அந்த இடது கால்காரன்?" என்றேன்.

"வந்தான். படிப்பு முடிச்சு அவனே தேடிண்டு வந்தான். நான் என்ன பண்ணுவேன்? உன்னை எங்க பார்க்கறது, ஆட்டமே இல்லையேன்னேன். கான்ட்ராக்ட்ல லோடிங் இருக்கு, வரியான்னேன். வந்தான். இன்னமும் அங்கதான் இருக்கான்."

இதைக் கேட்டு நான் உடனே ஓடவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். வேப்பம்பட்டில் இறங்கி, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பல மாதம் கழித்து அந்த அமெரிக்கச் செய்தி வந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உட்கார முடியாமல் போயிற்று. மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

மில்லுக்கு இரண்டு வாசல். நிரந்தரத் தொழிலாளர் முன்வாசல், ஒப்பந்தத் தொழிலாளர் பின்வாசல். பின்வாசலுக்கு எதிரே டீக்கடை. வேலு மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்தான். உடம்பு தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றான்.

"சார்! ஆசீர் சார்தானே? இன்னா சார் இந்தப் பக்கம்? டீ சொல்லவா? மாஸ்டர், சாருக்கு ஒரு டீ, சக்கர கம்மி." சர்க்கரை வியாதி முகத்தில் தெரிகிறது போலும்.

உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"சார், ரொம்ப நாளா உங்களப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு. மன்னிச்சிக்கணும் சார்."

"நீயா? எதுக்கு?"

"அன்னிக்கு மீட்டிங் அப்ப வண்டி லேட்டாச்சி இல்ல? என்னாலதான் சார். மாத்தி உட வேண்டியவன் வர்ல. தறிய நிறுத்திட்டு வந்தா ஓனர் கூலிய புடிச்சுக்குவான். வண்டியப் போவச் சொன்னேன், முனிரத்தினம் சார்தான் நீ இல்லாம போவ மாட்டேன்னு வாசல்லயே நின்னுட்டாரு. நாங்க வந்து சேர்றதுக்குள்ள ஓட்டு முட்ஞ்சிடுச்சி. பசங்க எல்லாம் இன்னும் சொல்லுவானுங்க சார், ஒன்னாலதான்டா லீக்கு போச்சி, ஒரு மொழம் துணிக்கு எங்க எல்லாருக்கும் வாய்க்கரிசி போட்டன்னு."

"அப்படின்னு யார் சொன்னது?"

"திரும்பிப் போறப்ப முனிரத்தினம் சார்தான் சார். ஏன் சார் லீக்கு போச்சின்னு கேட்டோம். நாம லேட்டு, வேற ஒண்ணுமில்லன்னாரு. எல்லாரும் என்னப் பாத்தானுங்க. அதுலேர்ந்து அவனுங்க கூட்ற எடத்துக்கே நா போறதில்ல சார்."

எனக்கு நெஞ்சு அடைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குத் தோன்றியது வேறு. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்றுதான் தோன்றியது. இவனே பழியை ஏற்றுக்கொண்டு, எனக்கு டீயும் சொல்லியிருக்கிறான். இதைவிட வசதியாக ஒரு குற்றவாளிக்கு என்ன அமையும்?

சொன்னேன். போன் வந்ததும், முனிரத்தினத்திடம் நிதானமாக வா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விசில் ஊதியதும், இரண்டாவது ஓட்டும், கோட்டும்.

வேலு டீயைக் கீழே வைத்தான். அடிப்பானோ என்று நினைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாருக்கோ அடித்து, ஒலிபெருக்கியைப் போட்டான்.

"டேய் பாபு! நா இல்லடா! நா இல்ல!"

"இன்னாடா நீ இல்ல? காலங்காத்தால சரக்கா?" பழைய கோல்கீப்பர் குரல்.

"லீக்கு போனதுக்கு நா காரணமில்லடா. இந்தா, ஆசீர் சார் பக்கத்துல கீறாரு. அவரே சொல்றாரு, கேளு." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "சொல்லுங்க சார்."

சொன்னேன். பாபு கேட்டான், "எந்த சாரு? டி.வி.ல கோட்டு போட்டுக்கினு வேர்த்து ஊத்தினாரே அவரா?"

"அவரேதான்டா."

"த்தூ" என்றான் பாபு. போன் வழியாகத்தான். ஆனாலும் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து இன்னொருவன். அடுத்து இன்னொருவன். வேலு அணியில் இருந்த ஒவ்வொருவனையும் வரிசையாகக் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் "சொல்லுங்க சார்" என்று போனை நீட்டினான். ஒருவன் பைக் ஓட்டிக்கொண்டே கேட்டான். ஒருவன் குவைத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டான். ஒருவன் கேட்டுவிட்டு, "வேலு, மச்சி, சாரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். நான் முதல் இரண்டு பேரிடம் கொஞ்சம் பூசி மெழுகினேன். பிறகு அதற்கும் தெம்பில்லை. "வண்டி வருதுன்னு தெரிஞ்சே ஊதினேன்" என்று நேராகச் சொல்லப் பழகிவிட்டேன். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக முனிரத்தினம். அவன் குரலைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வேலு விஷயத்தைச் சொன்னான். நான் பேசுவதற்காக வாயைத் திறந்தேன். முனிரத்தினம் முந்திக்கொண்டான். என்னோடு அல்ல.

"வேலு, மேசமேல காலி டம்ளரப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. என்கூடப் படிச்சவன், அவன் பேரு பசங்க வாயில விழக் கூடாதுன்னு லேட்டுன்னு சொல்லிட்டேன். அவன் பேரப் பாத்தேன். ஒன் பேரப் பாக்கல. நானும் தப்புதான்டா."

"ஐயோ, உடுங்க சார்."

"அவன் அங்கதான் கீறானா?"

"கீறாரு சார். போன குடுக்கவா?"

"வேணாம்" என்றான். வைத்துவிட்டான்.

மில்லில் சங்கு ஊதியது. பின்வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வேலு டீக்குக் காசு கொடுத்தான். எனக்கும் சேர்த்து. நான் தடுத்ததை அவன் கவனிக்கவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டு ரெண்டு எட்டு போனவன் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிறவனைப்போல இருந்தான்.

"போன வைகாசிக்கு மின்னாடி வந்து சொல்லியிருந்தீங்கன்னா, என் கல்யாணத்துக்கு அவனுங்கள எல்லாம் கூப்ட்ருப்பேன் சார்."